முட்டுக்கல்லில் உரிந்த பெயிண்ட்

செல்வலட்சுமிக்கு வாய் நீளம் என்று விஸ்வநத்தத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் காரை நிறுத்தி ஒரே ஒரு தரம் ஹாரன் அடிப்பாள். இரண்டாவது ஹாரன் கிடையாது. தலையைச் சீவிக்கொண்டே ஓடி வருகிறவளைப் பார்த்து, "மகாராணிக்குப் பல்லக்கு அனுப்பணுமோ?" என்பாள். அவளுடைய காரில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பதினொரு பெண்களும் அவளுக்குக் கலெக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். "ஏட்டி, கலெக்டர் வந்துட்டா, ஓடி வா" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அப்படிப்பட்டவள் சுண்டைக்காய் அளவு சிவப்பு விளக்கைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று போன தீபாவளி சீசனில் ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கார் ஸ்டியரிங்கைத் தொட்டது கிடையாது. இந்த ஊரில் ஒரு பொம்பளை வண்டி சரியில்லை என்று சொன்னால், முதலில் பொம்பளைதான் சரியில்லை என்று முடிவு கட்டுவார்கள். அப்புறம்தான் வண்டி.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. இருபத்தைந்து வயது வரை அதே கம்பெனியில் பட்டாசுச் சரம் பின்னினாள். கட்டிய புருசன் செல்லச்சாமி, அச்சாபீஸ்களிலிருந்து லேபிள் கட்டுகளை ஏற்றி இறக்கும் லோடு ஆட்டோ வைத்திருந்தான். இடுப்பில் தட்டு விலகி அவனால் அரைமணி நேரம் உட்கார முடியாமல் போனதும், ஆட்டோவை இவள் எடுத்தாள். சூலக்கரைப் பக்கம் போய் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். சுற்றி நின்ற ஆண்கள் இவள் ஆட்டோ கோட்டைத் தாண்டும் என்று காத்திருந்தார்கள். தாண்டவில்லை. அந்தக் கோபத்தில் ஒருத்தன் அவளுக்கு வழிவிடாமல் நின்றான், இவள் அவன் செருப்பு நுனி வரைக்கும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

கம்பெனி முதலாளி ஜெயச்சந்திரன் அவளைக் கார் ஓட்டக் கூப்பிட்டதற்கு அவளுடைய திறமை காரணமில்லை. முன்னால் இருந்த டிரைவர் கண்ணாடியில் ரோட்டைப் பார்க்காமல் பின்சீட்டுப் பெண்களையே பார்க்கிறான் என்று புகார் வந்தது. ஒரு பொம்பளையைப் போட்டால் புகார் வராது என்று முதலாளி நினைத்தார். அவர் குடும்பம் திருச்செந்தூருக்குப் போய்வந்த பழைய பெரிய கார் அது. பத்தொன்பது வருசமாகிறது. எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினோரு பேரை அடைப்பது தப்பு என்று முதல் நாளே சொன்னாள் செல்வலட்சுமி. முதலாளி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். இப்போது அவருக்கு முழங்கால் வலி, கம்பெனிப் பக்கமே வருவதில்லை. எல்லாம் மகன் மணிகண்டராஜ் கையில்.

கம்பெனி வெம்பக்கோட்டைக்குப் போகிற வழியில், ஆள் அரவமில்லாத கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. அதன் வாசலில் வண்டி நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. ஹேண்ட்பிரேக் போடக்கூடாது. கியரில் விடக்கூடாது. சாவி காவல் கொட்டகையில் ஆணியில் தொங்க வேண்டும். முன்னொரு காலத்தில் வேறொரு கம்பெனியில் தீப்பிடித்தபோது, வாசலை அடைத்து நின்ற வேன் ஹேண்ட்பிரேக்கில் இறுகிக் கிடந்ததாம். தள்ள இருபது பேர் இருந்தும் நகரவில்லையாம். அந்தக் கதையைக் கேட்ட ஜெயச்சந்திரன் போட்ட சட்டம் இது. எந்த நேரமும் நாலு பேர் தள்ளினால் வண்டி ஓடிவிட வேண்டும்.

அதனால் செல்வலட்சுமி தினமும் செய்வது இதுதான். வாசலுக்கு முப்பது அடி முன்னால் எச்சரிக்கை போர்டு இருக்கும் இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிடுவாள். அங்கிருந்து சரிவு. கார் தானாக உருண்டு வரும். தீப்பொறி விழுந்தாலும் அணைய வேண்டுமென்று வாசலைச் சுற்றி ஆற்று மணல் பரப்பியிருக்கிறார்கள், வலது ஓரத்தில் மணலைக் குவித்துக் கரை மாதிரி கட்டியிருக்கிறார்கள். உருண்டாலும் மணலில்தான் முட்ட வேண்டும் என்று ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்து, பிரேக்கை அழுத்தி நிறுத்துவாள். பதினொரு பெண்களும் இறங்கி, காவல்காரர் சங்கிலிமுத்து நாலு சக்கரத்துக்கும் முட்டுக்கல் வைக்கும் மட்டும் காலை எடுக்க முடியாது. சங்கிலிமுத்து நடப்பதே ஊர்வதுபோல்தான். ஐந்து நிமிசம் ஆகும்.

அந்த ஐந்து நிமிசத்தில்தான் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி.

சாயங்காலமே காரை விஸ்வநத்தம் ரோட்டில் இருக்கும் ஊர்க்காவலன் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ஊர்க்காவலன் கைராசிக்காரர் என்று பேர். மரியாதையாகப் பேசுவது மட்டும் அவருக்கு வராது.

"ஹேண்ட்பிரேக் லைட்டு தாயி. சுவிட்சு மக்கர் பண்ணுது."

"நாங்க ஹேண்ட்பிரேக்கே போடுறதில்லையே அண்ணே."

"போடாததாலதான் மக்கர் பண்ணுது. எனக்கே பாடம் எடுக்காத."

சுவிட்சு வயரைக் கழற்றிப் போட்டார். விளக்கு அப்படியே எரிந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு பானட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது ஆயில். ஊற்றி நிரப்பினார். ஊற்றும்போது ஒரு சொட்டு பம்பர் மேல் விழ, பதறிப்போய்த் துணியால் துடைத்தார். "பெயிண்ட்டைத் தின்னுரும் இது" என்றார். விளக்கு அணைந்துவிட்டது. பிரேக் பேட் தேய்ந்தால் ஆயில் இறங்கும் என்று சொல்லிப் புது பேடும் மாட்டினார்.

ஒன்பதாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது.

இந்தத் தடவை ஊர்க்காவலன் காரைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, அடியில் பேப்பரை விரித்துக் காலையிலிருந்து மத்தியானம் வரை வைத்திருந்தார். பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. பிரேக்கை ஐந்தாறு தடவை குத்திக் குத்தி மிதித்தார்.

"கல்லு மாதிரி இருக்கு."

"சட்டுனு மிதிச்சா நிக்குண்ணே. மிதிச்சுக்கிட்டே இருந்தா கொஞ்சங் கொஞ்சமா கீழ எறங்குது."

"பயந்த காலு எறங்கத்தான் செய்யும்" என்றார் ஊர்க்காவலன். பட்டறையில் நின்றிருந்த இரண்டு லாரிக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

செல்வலட்சுமிக்குக் காது மடல் சுட்டது. "அப்ப ஆயிலை ஆரு குடிக்கா? நீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டார். மூன்றாம் முறை அவள் போனபோது டப்பாவுக்குள் இருக்கும் மிதவை கெட்டுப்போய்விட்டது, பொய் விளக்கு எரிகிறது, வயரை வெட்டிவிடுகிறேன் என்றார். வெட்டக்கூடாது என்று இவள் பானட்டைப் படாரென்று சாத்தினாள். அவர் உடனே மணிகண்டராஜுக்குப் போன் போட்டார்.

"உங்க டிரைவரம்மாவை ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க அண்ணாச்சி. காருக்கு ஒண்ணுமில்ல."

மணிகண்டராஜுக்கு முப்பத்தொரு வயது. தேய்த்த வெள்ளைச் சட்டையில் கசங்கல் விழாமல் கம்பெனியைச் சுற்றி வருகிறவன். வடக்கே ஆர்டர் குவிந்து கிடந்தது, அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. நேராகக் காருக்கு வந்தான். பேக்கிங் செட்டிலிருந்து கறுப்பு டேப்பை வாங்கி, ஒரு துண்டு கிழித்து, சிவப்பு விளக்கின் மேல் தன் கையாலேயே ஒட்டினான்.

"இப்ப எரியுதா?"

"இல்ல முதலாளி."

"பெறகென்ன? பேசாம ஓட்டு."

அவன் உள்ளே போனதும் அவள் டேப்பை உரித்துத் தூரப் போட்டாள். மறுநாளிலிருந்து யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தாள். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு மேடு உண்டு. அணைக்கரை ஓரமாக ஏறி, சடாரென்று இறங்கி, அடியில் குறுகலான பாலத்தில் திரும்பும். அந்த மேட்டின் உச்சியில் காரை நிறுத்திப் பதினொரு பெண்களையும் இறங்கச் சொன்னாள். காரை முதல் கியரில் போட்டுத் தனியாக ஊர்ந்து இறங்கினாள். அவர்கள் நடந்துவந்து கீழே ஏறிக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் இப்படி நடந்தது. மூன்று நாளும் தாமதம். தாமதமாகப் போனால் சரம் பின்னும் செட்டில் நல்ல இடம் போய்விடும், பின்னுகிற சரத்துக்குத்தான் கூலி. மூன்றாம் நாள் கருப்பம்மாள் இறங்க மாட்டேன் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காரில் மூத்தவள் அவள். பதினொரு பேருக்கும் அவள் வாய்தான் வாய்.

"உசுரு உனக்கு மட்டும் வெல்லமோ? பயமா இருந்தா நீ எறங்கி நடடி. நாங்க எதுக்கு வெயில்ல நடக்கணும்?"

"நான் எறங்கிட்டா காரை ஆரு ஓட்டுறது, உங்க அப்பனா? எறங்கு மதினி."

"பாண்டி ஓட்டுவான். அவன் இந்த எறக்கத்துல எப்படி வாரான் தெரியுமா? காத்து மாதிரி வாரான்."

"காத்து மாதிரித்தான் போவீக எல்லாரும்."

கருப்பம்மாள் இறங்கினாள். இறங்கும்போது, "நாசமாப் போவ" என்று சாபம் விட்டுத்தான் இறங்கினாள். மற்றவர்கள் ஒருத்திகூட செல்வலட்சுமி முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காகப் பயப்படுகிறாளோ அவர்களே காறித் துப்பாத குறையாக நடந்து போவதைக் கண்ணாடியில் பார்க்க நேர்ந்தால் யாருக்கும் வரும். ஆனால் அவள் அழவில்லை. இரண்டாவது ஹாரன் அடிக்காதவள் அன்று ஹாரனை ஓங்கி மூன்று தரம் அடித்தாள், அவ்வளவுதான்.

புகார் உள்ளே போனது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு மணிகண்டராஜ் வாசலுக்கு வந்தான். கூடவே பாண்டி. கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன், அவசரத்துக்கு வண்டியும் ஓட்டுவான். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறான் என்று சின்ன முதலாளிக்கு அவன்மேல் பிரியம். நியூட்ரலில் விட்டால் காரைப் பிடிக்க பிரேக்கைத் தவிர வேறு நாதி கிடையாது என்பது அந்தப் பிரியத்துக்குத் தெரியாது.

"திங்கக்கிழமைல இருந்து பாண்டி ஓட்டட்டும். சாயங்காலம் இவங்கள எறக்கிவிட்டுட்டுச் சாவியைக் குடுத்துரு" என்றான் மணிகண்டராஜ்.

"கொல்லப் பாக்கீகளா முதலாளி?"

"வாயை அடக்கு. சீசன் நேரத்துல உன்னால லோடு நிக்குது."

பாண்டி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். "யக்கா, எறக்கத்துல கண்ணை மூடிக்கிட்டுகூட எறக்குவேன். நீங்க வீட்ல நிம்மதியாத் தூங்குங்க."

அவர்கள் போனார்கள். செல்வலட்சுமி காரின் நிழலில் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலை போவது அவளுக்கு வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்த மேட்டின் உச்சியில் பாண்டி நியூட்ரலுக்குத் தள்ளுகிற காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. பதினொரு பேர். மூன்று பேருக்குக் கைக்குழந்தை. நிரூபிக்க அவளிடம் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை.

சங்கிலிமுத்து பக்கத்தில் வந்து குந்தினார். ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை அவர். அவருக்கு அவர் கவலை.

"போன மாசம்தான் இந்த முட்டுக்கல்லுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சேன். போர்டுக்கு வாங்குன சிவப்புப் பெயிண்ட், மீதி இருந்துச்சு. மூணு கல்லு புதுசு மாதிரி இருக்கு. இந்த ஒத்தக் கல்லு மட்டும் தொழுநோய் புடிச்ச மாதிரி உரியுது. எவ வெந்நியைக் கொண்டாந்து ஊத்துறா?"

முன்பக்கம் வலது சக்கரத்துக்கு வைக்கிற கல் அது. செல்வலட்சுமி சும்மாதான் தொட்டாள். பெயிண்ட் வழுவழுவென்று கையோடு வந்தது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். அந்த வாடை அவளுக்குத் தெரியும். "பெயிண்ட்டைத் தின்னுரும் இது" என்று ஊர்க்காவலன் பதறியது தெரியும்.

இரண்டு கையாலும் மணலைத் தோண்டினாள். மேலே காய்ந்த மணல். நாலு விரற்கடை கீழே கருத்துக் கட்டிகட்டியாக, கருப்பட்டியைப் போல அப்பிக் கிடந்தது. ஒரு மாதத்து ஆயில். அவள் பட்டறைக்கு மூன்று தரம் போய்த் தேடிய ஆயிலை இந்த மணல் தினமும் குடித்துக்கொண்டு, மேலே ஒன்றும் தெரியாத மாதிரி கிடந்திருக்கிறது.

"அண்ணாச்சி, ஏறி உக்காந்து பிரேக்கை மிதிங்க."

"எனக்கு முட்டு வலி தாயி."

"மிதிங்கய்யா!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் ஏறிவிட்டார். கழிவில் கிடந்த லேபிள் தாளை, பளபளவென்று மயில் படம் போட்டது, சக்கரத்துக்கு அடியில் விரித்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். சக்கரம் வலது பக்கம் ஒடித்தபடி இருந்தது. சக்கரத்துக்குப் போகிற ரப்பர் குழாய் முறுகிக்கொண்டு நின்றது. முறுக்கின வளைவில் ஒரு வெடிப்பு. சங்கிலிமுத்து மிதித்துப் பிடித்ததும் அந்த வெடிப்பு வாயைத் திறந்தது. மயிலின் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

எழுந்து ஸ்டியரிங்கை முழு பலத்தோடு நேராகத் திருப்பினாள். மறுபடி மிதிக்கச் சொன்னாள். வெடிப்பு மூடிக்கொண்டது. ஒரு சொட்டு விழவில்லை. பட்டறையில் கார் நேராக நின்றது, யாரும் பிரேக்கை அழுத்திப் பிடிக்கவில்லை. தரையில் பேப்பர் விரித்துவைத்துத் தன்னைக் கோமாளியாக்கிய ஆளை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஸ்டியரிங்கைப் பழையபடி வலது பக்கம் ஒடித்துவிட்டு, அந்த மயில் தாளை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நாலரை மணிக்கு வேலை முடிந்து பெண்கள் காருக்கு வந்தபோது, மணிகண்டராஜ் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்த ரெண்டு சொட்டுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

"மொதலாளி, நீங்க ஏறி உக்காந்து அஞ்சே நிமிசம் பிரேக்கைப் புடிங்க. புடிச்சு நிறுத்திட்டா சாவியை இந்தா உங்க கால்ல வச்சுட்டுப் போயிடுறேன். திங்கக்கிழமை இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"இதென்ன வித்தையா? ஒரு பிரேக் மிதிக்க எனக்குத் தெரியாதா?"

"தெரியும்லா. ஏறுங்க."

பதினொரு பெண்களும் பாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறாமல் இருக்க அவனுக்கு வழியில்லை. ஏறினான். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, வெள்ளைச் சட்டை சீட்டில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். செல்வலட்சுமி கண்ணைக் காட்ட, சங்கிலிமுத்து ஒவ்வொரு கல்லாக எடுத்தார். முன்சக்கரத்துக் கல்லை மட்டும் அவள் தன் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் நின்றாள்.

முதல் நிமிசம் ஒன்றும் இல்லை. பாண்டி, "நிக்குல்லா!" என்றான்.

இரண்டாவது நிமிசம் மணிகண்டராஜ் உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். கால் இறங்க இறங்க ஆள் நகரத்தானே வேண்டும். முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்றாவது நிமிசம் அவன் நெற்றி வேர்த்தது. பிரேக் தரையைத் தொட்டதும் கார் மெள்ள அசைந்தது. அவன் மறுபடி மறுபடி மிதித்தான், கார் கேட்கவில்லை. பத்து வருசமாக அந்தக் காரில் யாரும் தொடாத ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். துருப்பிடித்த கம்பி என்றைக்கோ அறுந்திருந்தது. ஹேண்ட்பிரேக் அவன் மார்பு வரை தொளதொளவென்று வந்தது.

"ஐயோ! கல்லை வைங்க! கல்லை வை!"

செல்வலட்சுமி உடனே வைக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் நின்றாள். அதற்குள் கார் மணல் கரையில் பொதுக்கென்று முட்டி நின்றது, மணல் சரிந்து பானட்டில் கொட்டியது. அப்புறம்தான் கல்லை வைத்தாள்.

கருப்பம்மாள் சிரித்துவிட்டாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை, ஹேண்ட்பிரேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த கோலம் அப்படி. அவள் சிரித்ததும் மற்றவர்களும் முந்தானையை வாயில் வைத்தார்கள். மணிகண்டராஜ் இறங்கினான். சிரித்தவர்களை அவன் பார்க்கவில்லை. செல்வலட்சுமியை மட்டும் பார்த்தான்.

சிரிப்பு அடங்கியதும் கருப்பம்மாளுக்கு உறைத்தது. "இது அந்த மேட்டு மேல நடந்திருந்தா?" என்று கேட்டாள். அன்று எல்லோரும் மெயின் ரோடு வரை நடந்து பஸ் ஏறினார்கள்.

ஊர்க்காவலன் வந்து குழாயைக் கழற்றினார். பின்சக்கரத்தையும் பிரித்துப் பார்த்தார். ஹேண்ட்பிரேக் போட்டு எடுத்தால்தான் பின்னால் பிரேக் கட்டை தானாக நெருங்கி நிற்கும், பத்து வருசமாகப் போடாததால் கட்டை எட்டப் போய்க் கிடக்கிறது, முன்னால் ஒழுகினால் பின்னால் பிடிக்க ஒன்றுமே இல்லை என்று மணிகண்டராஜுக்கு விளக்கினார். செல்வலட்சுமியிடம், "வளைச்சு நிறுத்துவோம்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே" என்றார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கார் சரியாகிவிட்டது. புதுக் குழாய், புது ஹேண்ட்பிரேக் கம்பி, முன்பு கழற்றிப் போட்ட சுவிட்சு வயர், எல்லாம் மாட்டியாயிற்று. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் ஹாரன் நாலைந்து தரம் அடித்தது. ஸ்டியரிங்கில் பாண்டி இருந்தான்.

"சரம் பின்னுற செட்டுல ஆள் தேவையாம். உங்களை அங்க வரச் சொன்னாங்க யக்கா" என்றான்.

பெரிய முதலாளி வீட்டுக்குப் போய் நின்று பார்த்தாள். "இப்பல்லாம் பையன்தாம்மா பாக்குறான்" என்று முழங்காலைத் தடவிக்கொண்டார் அவர். ஒரு பெரிய மனுசன், தன் கம்பெனிப் பெண்கள் பதினொரு பேர் உயிரைக் காப்பாற்றியவளிடம் சொல்ல அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். செல்லச்சாமியின் இடுப்புக்கு மருந்து வாங்க வேண்டும், அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. பதினேழு வருசத்துக்கு முன்னால் விட்ட சரத்தைத் திரும்பக் கையில் எடுத்தாள். காரில் பன்னிரண்டாவது ஆளாக, டிரைவருக்குப் பின்னால் இடுங்கி உட்கார்ந்தாள்.

மூன்றாவது வாரம், தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ஏழு மணிக்குப் பாண்டி வந்து நின்றான். கருப்பம்மாள் வழக்கம்போல முதலில் ஏறக் காலை வைத்தவள், முன்பலகையை எட்டிப் பார்த்தாள். காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"அது என்னலே கறுப்பா?"

விளக்கின் மேல் டேப் ஒட்டியிருந்தது.

"சின்ன முதலாளிதான் ஒட்டச் சொன்னாரு. நீங்க தெனமும் அதையே பாத்துக்கிட்டு என்னைய தொல்லை பண்ணுறீகன்னு. ஏறுங்க, நேரமாச்சு."

கருப்பம்மாள் ஏறவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவள் ஏறவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருத்திகூட ஏறவில்லை. பாண்டி ஹாரன் அடித்தான். தெருவில் நின்ற நாய் மட்டும் விலகியது. ஏழு பத்தாயிற்று. ஏழே கால் ஆயிற்று. அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே டேப்பை நகத்தால் சுரண்டி உரித்தான்.

"எரியல பாரு! போதுமா? இப்பவாவது ஏறுங்க."

அப்போதும் யாரும் ஏறவில்லை. கருப்பம்மாள் திரும்பிச் செல்வலட்சுமியைப் பார்த்தாள். மற்ற பத்துப் பேரும் பார்த்தார்கள். அவளிடம் இதுவரை ஒருத்தியும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்வலட்சுமி முன்னால் வந்தாள்.

"வயரை வெட்டியிருக்கான்னு பாப்போம். சாவியைப் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுலே."

இழுத்தான். விளக்கு எரிந்தது.

"எறக்கு."

இறக்கினான். அணைந்தது.

"பானட்டைத் தெற."

திறந்தான். ஆயில் மேல்கோட்டைத் தொட்டு நின்றது. முன்சக்கரம் இரண்டுக்கும் உள்ளே கையை விட்டுக் குழாயைத் தடவிப் பார்த்தாள், கை காய்ந்தே வந்தது. பானட்டைச் சாத்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்தாள்.

"ஏறுங்கடி" என்றாள்.

"கலெக்டர் சொல்லிட்டாக, ஏறுங்க" என்றாள் கருப்பம்மாள். யாரும் சிரிக்கவில்லை. பதினொரு பேரும் ஏறிய பிறகு செல்வலட்சுமி கடைசியாக ஏறிக் கதவைச் சாத்தி, பாண்டியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"எடுலே. மேட்டுல கியர்ல எறக்கு."

கியரில்தான் இறக்கினான்.